முப்பத்தைந்து டிகிரிக்கு மேல்

லேப்டாப் வாங்கினால் பெட்டியின் அடியில், சார்ஜருக்குக் கீழே, பல மொழிகளில் அச்சடித்து மடித்த ஒரு தாள் கிடக்கும். யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன். எந்தக் கம்பெனியானாலும் அதில் ஏறக்குறைய ஒரே கட்டளைதான்: சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டாத இடத்தில் பயன்படுத்தவும்.

அம்பத்தூரில் இதைக் கடைப்பிடிப்பதென்றால் ஏப்ரல் பிறந்ததும் லேப்டாப்பைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டு ஜூலையில் இறக்க வேண்டும். மே மாதப் பகலில் 37, 38 என்பது இங்கே செய்தியே இல்லை. கத்திரி உச்சத்தில் நாற்பதைத் தாண்டினால்தான் டிவிக்காரர்கள் மைக்கோடு தெருவுக்கு வருவார்கள். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்திலேயே 45 அடித்தது. நுங்கம்பாக்கமாவது கடலுக்குப் பக்கம். நகரத்துக்காரர்களுக்குக் கடல்காற்று ஓர் உரிமை. எங்களுக்கு அது ஒரு வதந்தி. மெரினாவில் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு ஏறுகிற காற்று ஊரெல்லாம் நலம் விசாரித்துவிட்டுப் பாடி பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் திரும்பும்போது டீக்கடையில் வடை போட ஆரம்பித்திருப்பார்கள். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இன்னும் தாமதம். சில நாள் மேற்குக் காற்று குறுக்கே நின்றுவிட்டால் வருவதே இல்லை.

ஆக, அந்தத் தாளின் சட்டத்தை மீறித்தான் இத்தனை வருஷமாகப் பிழைப்பு ஓடுகிறது. அப்போது எங்கள் வீட்டில் குளிர்ச்சி யாருக்குக் கிடைத்தது, இப்போது யாருக்குக் கிடைக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டால், மனிதர்கள் இரண்டு பட்டியலிலும் கீழேதான் வருகிறோம்.

அப்பா எஸ்டேட்டில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் இருந்தார். அம்பத்தூர்க்காரனுக்கு எஸ்டேட் என்றால் தேயிலை இல்லை. 1960-களில் எழும்பிய இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். சுற்றிலும் டிஐ சைக்கிள், டன்லப், பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா என்று பெரிய வீடுகள். நடுவில் அந்தப் பெரிய வீடுகளுக்குச் சாமான் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறைகள். கியரோ ஷாஃப்டோ, கடைசல் எல்லாம் முடிந்த பிறகு அப்பா போன்றவர்களின் ஃபர்னஸில் ஒரு தரம் சிவந்து, எண்ணெய்த் தொட்டியில் ஒரு தரம் அலறிவிட்டுத்தான் லாரி ஏறும். 850 டிகிரி. மீட்டர் இருந்தது. அப்பா மீட்டரைப் பெரிதாக மதித்ததில்லை. கதவை விரலளவு திறந்து நிறத்தைப் பார்ப்பார். புத்தகத்தில் அந்தச் சிவப்புக்குச் செர்ரிப் பழத்தின் பேர். அப்பா செர்ரியைக் கண்டது பேக்கரி கேக்கின் மேல்தான், அதுவும் பாதி நேரம் களாக்காய். அவருக்கு அது ராத்திரி வைத்துக் காலையில் கழுவிய மருதாணி.

பட்டறையில் கோடைக்கு ஒரு சலுகை உண்டு: பதினொரு மணிக்கு உப்புப் போட்ட மோர். ஆளுக்கு ஒரு டம்ளர், ஃபர்னஸ்காரர்களுக்கு இரண்டு. வெப்பத்தைச் சமாளிப்பது என்பதற்கு அந்தப் பட்டறை வைத்திருந்த மொத்தத் திட்டமும் அவ்வளவுதான். அப்பா அதைக் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. மோர் புளித்திருந்தால் மட்டும் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை.

அந்த வீட்டிலிருந்துதான் 1992-இல் நான் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன், ஓ.டி. பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு மாடிக்கு. வாசலில் எழுதியிருக்கும்: செருப்பை வெளியே விடவும். உள்ளே கண்ணாடிக் கதவு, தரையில் பாய், ஜன்னலில் பெட்டி ஏ.சி. எங்கள் தெருவில் அப்போது யார் வீட்டிலும் ஏ.சி. கிடையாது, டாக்டர் கிளினிக்கிலேயே கிடையாது. "ஏ.சி. உங்களுக்கு இல்லப்பா, மெஷினுக்கு" என்று மாஸ்டர் முதல் நாளே தெளிவுபடுத்திவிட்டார். நாங்கள் மெஷினின் விருந்தாளிகள். டிபேஸும் லோட்டஸும் ஒருவருக்கும் அவ்வளவு புரியவில்லை, ஆனால் மே மாதத்தில் லேப் நேரம் கேட்டு அடிதடி. மெஷினுக்கு முன்னால் உட்கார இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை, நின்றுகொண்டே கற்கிறேன் என்பார்கள்.

இதில் உள்ள வேடிக்கை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அங்கே இருந்தவை 386 கம்ப்யூட்டர்கள். அந்தச் சிப் தின்றதே இரண்டு, மூன்று வாட்தான். அதன் தலையில் ஒரு ஹீட்சிங்க்கூடக் கிடையாது, விசிறியும் கிடையாது, மொட்டையாகவே ஓடும். கோவில் கர்ப்பகிரகம் மாதிரி ஏ.சி. அறை கட்டி, செருப்பைக் கழற்றவைத்து, நாம் குளிரவைத்த இயந்திரத்துக்குக் குளிரே தேவைப்படவில்லை. சிப்பை விசிறி இல்லாமல் ஓட்ட முடியாத காலம் 486, பெண்டியம் என்று வந்தது. சரியாக அப்போதுதான் கம்ப்யூட்டர் ஏ.சி. அறையை விட்டு வெளியேறி, எங்கள் வீட்டு ஹாலுக்குக் குடிவந்தது.

1999-இல் ரிச்சி தெருவில் உதிரி வாங்கிப் பொருத்திய எங்கள் பெண்டியம் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துத் தகடு ஒரு மாதம்தான் இருந்தது. பிறகு அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேரே திருப்பி வைத்தோம். சென்னையில் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த எந்த வீட்டிலும் இதே காட்சிதான். வீட்டில் இருந்ததோ ஒரு டேபிள் ஃபேன். நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிற அப்பாவுக்கும் பெண்டியத்துக்கும் அதில் போட்டி. நான் பிரிண்ட் எடுக்கிற வேலை இருக்கிறது என்பேன். அப்பா வேட்டி நுனியால் விசிறிக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வார்.

முதல் லேப்டாப் ஆபீஸில் கொடுத்தது, 2004-இல். பெண்டியம் 4. மூன்று கிலோவுக்கு மேல். டெஸ்க்டாப்புக்குச் செய்த சிப்பையே பெட்டியைச் சப்பையாக்கி அடைத்துவிட்ட காலம் அது. எக்செல் திறந்தால் போதும், பக்கவாட்டிலிருந்து வருகிற காற்றில் அப்பளம் சுடலாம். இது நம்முடைய ஊர் வெயிலின் குற்றம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காவில் இன்டெல்காரர்களே கையைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அதே 2004-இல், 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 வரப்போகிறது என்று சொல்லிவந்ததைக் கைவிட்டார்கள். வேகத்தை ஏற்ற ஏற்றச் சூடு தாங்கவில்லை. ஒரே மூளையை விரட்டுவதைவிட இரண்டு மூளையை நிதானமாக நடத்தலாம் என்று பாதை மாறியது. இன்று விளம்பரத்தில் எட்டு கோர், பத்து கோர் என்று பெருமையாகப் போடுகிறார்களே, அதன் பூர்வீகம் சூட்டுக்குப் பயந்து எடுத்த முடிவு.

அந்த லேப்டாப்பை அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் போகிற மின்சார ரயிலில் மடியில் வைத்து வேலை பார்ப்பது அப்போது ஒரு கௌரவம். பேண்ட் துணியைத் தாண்டித் தொடை காய்ந்ததை யாரிடமும் சொல்வதில்லை. மடியில் தினமும் வைத்தால் தோலில் வலைபோலச் செம்பழுப்புக் கறை விழும் என்று தோல் மருத்துவர்கள் எழுதத் தொடங்கியதும் அந்த வருஷங்களில்தான். அடுப்படியிலும் கணப்பிலும் நாள் முழுக்க உட்கார்ந்த பெண்களின் காலில் விழுந்த பழைய கறைதான் அது. காஷ்மீரில் மேலங்கிக்குள் காங்ரி என்ற நெருப்புச் சட்டியை வைத்துக்கொள்கிறவர்களுக்கும் வரும். விறகடுப்பு போய் கேஸ் வந்து மறைந்துகொண்டிருந்த ஒரு வியாதியை ஐ.டி. துறை காப்பாற்றிக் கொடுத்தது.

2006-இல் பேட்டரிகள் தீப்பிடிக்கின்றன என்று டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்ப அழைத்தது. உள்ளே இருந்தவை சோனி செய்த செல்கள். ஆபீஸில் எல்லோரும் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் உள்ள நம்பரைப் படித்துக்கொண்டிருந்தோம். அடுத்த வருஷமே அதே டெல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் அரை மணி நேரம். எங்கள் ஊர்ப் பையன்கள் கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்ப்யூட்டர் பூட்டிவிட்டு வந்தார்கள். பூட்டுகிற இடத்தில் ஏ.சி., பூட்டியவன் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ்.

2011-க்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த தேதி அந்த வருஷம் செப்டம்பர் 15. ஆவடியைத் தாண்டி, திருவள்ளூருக்குக் கிட்டே காக்களூரில், முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அதே நாள், அதே ஊரில், மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும். ஒரு கையில் சூடாகிற சாமான், மறு கையில் அதை ஆற்றுகிற சாமான். இந்த அளவுக்கு யோசித்து வெப்ப மேலாண்மை செய்த அரசு உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்படி அரசாணையில் இருந்திருக்காது. ஆனால் மக்கள் அப்படித்தான் பயன்படுத்தினார்கள்.

ஆவடியில் அக்கா வீட்டுக்கு இரண்டும் வந்தன. பிளஸ் டூ படித்த மகளுக்கு எல்காட் லேப்டாப், உள்ளே விண்டோஸ் ஒரு பக்கம், பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம். ரேஷன் கார்டுக்கு மின்விசிறி. ஆனால் மூன்றாவதாக ஒன்று வேண்டுமே, கரண்ட். 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு; வெளி மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் என்று பேச்சு. ஆவடி சென்னையா, வெளி மாவட்டமா என்பது கரண்ட் போகிற நேரத்தில் மட்டும் தெளிவாகத் தெரியும். மத்தியானம் சீலிங் ஃபேன் நிற்கும். அரசு விசிறியும் நிற்கும். லேப்டாப்பில் மட்டும் பேட்டரி. அக்கா மகள் திரையைத் திறந்து படித்துக்கொண்டிருப்பாள். அக்கா பக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் அந்த நேரத்தில் சுற்றிய ஒரே விசிறி லேப்டாப்புக்குள் இருந்தது.

பெரிய கூத்து 2020-இல் வந்தது. மார்ச் கடைசியில் ஊரடங்கு. அது முடியும் முன்பே கத்திரி. எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு, மூன்று லேப்டாப் ஒரே நேரத்தில் ஓடின. மேஜை ஒன்றுதான், அது யார் சீனியரோ அவருக்கு. மற்றவர்களுக்குக் கட்டில். தலையணைமேல் லேப்டாப், மெத்தைமேல் லேப்டாப். லேப்டாப் பெரும்பாலும் வயிற்று வழியாகத்தான் காற்றை இழுக்கிறது, முதுகோரமாகவோ பக்கவாட்டிலோ விடுகிறது. தலையணை அந்த வயிற்றை இலவம் பஞ்சால் அடைத்துவிடும். 386-க்குப் பாய் விரித்து ஏ.சி. போட்ட அதே ஊர், அதைவிடப் பல மடங்கு சூடாகிற ஒன்றை மெத்தையில் படுக்கவைத்துப் போர்வையும் போர்த்தியது.

என்னுடையது ஜூம் கூட்டத்தின் நடுவில் கத்த ஆரம்பித்தது. பிறகு கத்துவதோடு மந்தமும் ஆனது. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இன்றைய சிப்புக்கு ஏறக்குறைய 100 டிகிரி ஓர் எல்லைக்கோடு. அதை நெருங்கினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். சூடு எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. 25 டிகிரி ஏ.சி. அறையில் வித்தியாசம் 75. நாற்பது டிகிரி அம்பத்தூர் மாடியில் 60. அதாவது ஐந்தில் ஒரு பங்கு சாமர்த்தியத்தை லேப்டாப் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியவுடனே இழந்துவிடுகிறது. அமெரிக்காவில் வீடியோ விமர்சகர் காட்டுகிற வேகம் இங்கே ஏன் வரவில்லை என்று கஸ்டமர் கேரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. அவர் டிசம்பரில் படம் பிடித்திருப்பார்.

நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதற்கெல்லாம் கைவசம் வைத்தியம் உண்டு. அடியில் ஈரத்துணி போடு என்றாள் அத்தை. ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் பாக்கெட் எடுத்து வை என்றார் எதிர் வீட்டுக்காரர். சென்னைக் காற்றில் கோடைக்காலத்தில் இருக்கிற ஈரத்துக்கு, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தச் சாமான்மேலும் தண்ணீர் பூத்துவிடும், சில்லென்ற சோடா பாட்டிலில் பூப்பது போல. அது லேப்டாப்பின் வயிற்றுக்குள் பூத்தால் அப்புறம் சூடு ஒரு பிரச்சினையாகவே இருக்காது. டேபிள் ஃபேன் பரவாயில்லை, ஆனால் அதற்கும் அளவு உண்டு. ஃபேன் காற்று நமக்குக் குளிர்வது வேர்வை ஆறுவதால். லேப்டாப்புக்கு வேர்ப்பதில்லை, 38 டிகிரிக் காற்றை எவ்வளவு அடித்தாலும் அது 38-க்குக் கீழே இறங்காது.

வெளியேதான் வேர்ப்பதில்லை. உள்ளே வேர்க்கிறது என்பதை ஊரடங்கு தளர்ந்த பிறகு சர்வீஸ் கடையில் தெரிந்துகொண்டேன். அப்பாவையும் கூட்டிப் போனேன். வீட்டிலேயே அடைந்து கிடந்து அவருக்கு எங்காவது ஒரு பட்டறையைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. கடை ஒரு ஷட்டர் அகலம். முகக்கவசம் போட்ட தம்பி அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றி, எது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே வரிசையில் ஒரு காந்தத் தட்டில் வைத்தான். அப்பா அதைப் பார்த்துத் தலையசைத்தார். உள்ளே ஒரு சின்ன விசிறி, அதன் வாயில் மெல்லிய செம்புத் தகடுகள் சீப்புப் பல்லாக. வெளியிலிருந்து பார்த்தால் தகடுகள் சுத்தம். விசிறியைத் தூக்கியதும்தான் தெரிந்தது, தகடுகளுக்கும் விசிறிக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் பட்டை, கத்தரித்து ஒட்டியது போல நேர்த்தியாக. அதைச் சாமணத்தால் ஒரே துண்டாக உரித்து எடுத்தான். வீட்டுத் தூசி, போர்வை நூல், தலைமுடி. "எல்லா ஒர்க் ஃப்ரம் ஹோமும் இதே கம்ப்ளைண்ட்தான் சார்" என்றான். ப்ளோயர் அடிக்கும் முன் விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டான். ஏன் என்றேன். "அடிக்கற காத்துல அது கன்னாபின்னான்னு சுத்தும் சார், பேரிங் போயிடும்."

சிப்பிலிருந்து தகடுவரை ஒரு தட்டையான செம்புக் குழாய் ஓடியது. அப்பா அதைக் காட்டி, உள்ளே என்ன என்றார். "கொஞ்சூண்டு தண்ணி தாத்தா." காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய குழாய், அழுத்தம் குறைவு என்பதால் குறைந்த சூட்டிலேயே அந்தத் தண்ணீர் சிப் பக்கம் ஆவியாகி, தகடு பக்கம் போய்க் குளிர்ந்து சொட்டாகி, குழாய்ச் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே திரும்ப ஊர்ந்து வருகிறது. மூடிய குழாய்க்குள் வேர்த்து, அங்கேயே ஆறி, அங்கேயே மறுபடி வேர்க்கிறது. அப்பாவுக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று. பிறகு தம்பி சிப்பின் மேலிருந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டினான். சாக்பீஸ் பொடியாக உதிர்ந்தது. புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தான்.

"இது எதுக்கு? ஒட்டவா?"

"இல்ல தாத்தா. செம்புக்கும் சிப்புக்கும் நடுவுல கேப் இருக்கும். அதை ரொப்ப."

"அதான. நடுவுல காத்து நின்னுதுனா சூடு எறங்காது" என்றார் அப்பா. தொடர்ந்து அந்தத் தம்பிக்கு எண்ணெய்த் தொட்டி பாடம் நடந்தது. சிவந்த இரும்பை எண்ணெயில் விட்டதும் அதைச் சுற்றி ஆவி ஒரு சட்டை போட்டுக்கொள்ளும். அந்தச் சட்டை இருக்கும்வரை உள்ளே சூடு அப்படியே நிற்கும். அதனால்தான் கொக்கியில் மாட்டியதை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஆட்டாதவன் செய்த கியர் ஆறு மாதத்தில் பல் விடும். தம்பி பேஸ்ட் கையோடு நின்று கேட்டான். கடைசியில் அப்பா, "உங்க இது எவ்ளோ சூடு ஏறுது?" என்றார்.

"தொண்ணூத்தஞ்சு, நூறு டிகிரி போயிடும் தாத்தா."

அப்பா என்னைப் பார்த்தார். "நூறுக்கா இந்தக் கத்து கத்துது?"

அதற்குப் பிறகு வீட்டில் சில சட்டங்கள் வந்தன. லேப்டாப் மெத்தை ஏறக்கூடாது. அடியில் பின்பக்கமாக இரண்டு பாட்டில் மூடி. கூலிங் பேடு என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்பதன் பாதிப் பலன் அந்த மூடியிலேயே கிடைத்துவிடுகிறது. நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கிற மெஷினுக்குப் பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைத்துவிட்டேன். நிறைந்த வயிறும் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் உப்பும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் லேப்டாப்பில் டச்பேடு ஒருநாள் தானே மேலெழும்பி நின்றது, பேய் என்று பயந்துவிட்டாள். விண்டோஸில் பவர் அமைப்புக்குள் போய், ப்ராசசர் அதிகபட்சம் என்பதை 100-லிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான சிப்புகளில் டர்போ ஓட்டம் நின்றுவிடும். என்னுடையதில் ஒரேயடியாகப் பத்து, பதினைந்து டிகிரி இறங்கியது. கடிதம் அடிக்கவும் கணக்குப் பார்க்கவும் அந்த ஒரு சதவீதம் இதுவரை எனக்குத் தேவைப்படவில்லை. விசிறியே இல்லாத மாடல்களும் இப்போது வருகின்றன. நல்ல சமாச்சாரம்தான், சத்தமே இல்லாமல் மந்தமாகும்.

ஆனால் என் மகனுக்கு 99 போதாது. அவன் கல்லூரிக்கு வாங்கியது கேமிங் லேப்டாப். "கேமிங் இல்லப்பா, ரெண்டரிங்" என்பான். ராத்திரி ஒரு மணிக்கு ரெண்டரிங்கில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். அதன் சார்ஜர் ஒரு செங்கல், 230 வாட். மூன்று சீலிங் ஃபேன் தின்கிற கரண்ட் அது, தின்றதெல்லாம் கடைசியில் சூடாகத்தான் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் இறங்குகிறது. விலை உயர்ந்த சாமான், சூட்டில் வீணாகிவிடுமே என்று அந்த அறைக்கு ஏ.சி. போட்டோம். அப்பாவுக்கு எண்பது வயது தாண்டியும், இரண்டு முறை வெயிலில் மயங்கி விழுந்தும் போடாத ஏ.சி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பா கட்டிலை மட்டும் பேரன் அறைக்கு நகர்த்திக்கொண்டார். மெஷினின் விருந்தாளியாக.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ராணுவத்திலேயே இதுதான் நடைமுறை என்றார் எங்கள் மாடியில் இருக்கும் டேங்க் ஃபேக்டரி ரிடையர்டு. ஆவடி ஹெவி வெஹிகிள்ஸ் ஃபேக்டரியில் உள்நாட்டிலேயே தயாரித்த முதல் பத்து டி-90 டேங்குகள் வெளியே வந்தது 2009-இல். ரஷ்ய வடிவமைப்பு, ராஜஸ்தான் பாலைவனத்துச் சூட்டில் அவற்றின் இரவுப் பார்வைக்கான வெப்பப் படக் கருவி செயலிழந்துபோகிறது, அதற்காகவே உள்ளே ஏ.சி. வைக்க வேண்டும் என்று பத்திரிகைகளில் பல வருஷம் அடிபட்டது. உள்ளே மூன்று சிப்பாய்கள் ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்காக அப்படியொரு பேச்சு பெரிதாக எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்போது மகன் அந்தக் கட்டத்தையும் தாண்டிவிட்டான். கனமான வேலையை லேப்டாப்பில் செய்வதே இல்லை, கிளவுடுக்கு அனுப்பிவிடுகிறான். லேப்டாப் சில்லென்று இருக்கிறது. அப்பாவுக்கு இதில் ஒரு சந்தேகம். வேலை நடக்கிறது, சூடு இல்லை என்றால் அவர் தொழிலில் அது மோசடி. "சூடு எங்கடா போச்சு?" என்று பேரனைக் கேட்டார். எங்கோ ஒரு டேட்டா சென்டரில் தாத்தா, மும்பையோ சிங்கப்பூரோ, என்றான் அவன்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டைடல் பார்க்கே 2024-இல் பட்டாபிராமுக்கு வந்துவிட்டது. டேட்டா சென்டர்கள் எஸ்டேட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. என்டிடி, கன்ட்ரோல்எஸ் என்று வரிசையாக. டிஜிட்டல் கனெக்ஷன் என்பவர்கள் 2024 ஜனவரியில் திறந்த முதல் கட்டடம் மட்டும் 20 மெகாவாட். முழுவதும் எழும்பினால் நூறு என்கிறார்கள். ஐம்பது வாட் லேப்டாப் நான்கு லட்சத்தை ஒரே கூரைக்குள் அடுக்கி ஓட்டுவதற்குச் சமம் அந்த இருபது. லேத்தும் ஃபர்னஸும் இருந்த தெருக்களில் ஜன்னலில்லாத பெரிய பெட்டிக் கட்டடங்கள், மொட்டை மாடி முழுக்கக் குளிரூட்டி விசிறிகள். பக்கத்தில் நடந்துபோனால் ஓர் இரைச்சல் காதில் நிற்கும்.

எதிர் வீட்டுப் பையன், டிப்ளமோ மெக்கானிக்கல், அதில் ஒன்றில் சில்லர் பராமரிப்பில் சேர்ந்திருக்கிறான். போன மே மாதம் ஒரு சாயங்காலம் திண்ணையில் வந்து உட்கார்ந்தவனிடம் அப்பா விசாரணையை ஆரம்பித்தார். சர்வர்களுக்கு முன்னால் போகிற காற்று 18-லிருந்து 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்றான். முன்பக்கச் சந்து குளிர். சர்வர்களின் முதுகுப்பக்கச் சந்தில் நாற்பதுவரை அனல் அடிக்கும்.

"நீ எந்தப் பக்கம் நிப்ப?"

"கேபிள், சென்சார் எல்லாம் பின்னாடிதான் தாத்தா இருக்கு. பாதி ஷிப்ட் அங்கதான்."

"மோர் குடுக்கறாங்களா?"

பையனுக்குக் கேள்வி புரியவில்லை. "காபி மெஷின் இருக்கு தாத்தா. ஃப்ரீதான், எவ்ளோ வேணாலும் குடிக்கலாம்."

"அனல்ல நிக்கறவனுக்குக் காபியா?" என்றார் அப்பா. "யூனியன் இருக்கா உங்க கம்பெனில?"